இலங்கையின் பாட்டும் மன்னாரின் மௌனமும்

மன்னார்க் கரையோரத்திலே, அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், அரிப்பு என்னும் ஊர் இருக்கின்றது. முத்துக்குளிப்பின் வரலாற்றைப் படிப்போர் அப்பெயரை அடிக்கடி காண்பர். ஆனால் வேறொரு காரணத்துக்காகவும் அவ்வூரை நாம் நினைவுகூர வேண்டியிருக்கின்றது. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தவன் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன். அவன் 1679 ஒக்டோபரில் காட்டுவழியே, ஆற்றங்கரையைத் துணைக்கொண்டு நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை வந்தடைந்தான். தாயகம் மீண்டபின் அவன் எழுதிய நூல் 1681இல் லண்டனில் வெளியாயிற்று. கண்டி நாட்டு மக்களின் வாழ்க்கையை உள்ளிருந்து கண்டெழுதிய நூல் என்ற பெருமை அதற்கு உண்டு.

இரண்டரை நூற்றாண்டு கழிந்தபின், 1934இல், அந்நூலின் வாசகங்கள் ஒரு திரைப்படத்தின் வழியே உலகத்தின் செவியில் விழுந்தன. ‘சோங் ஒஃப் சிலோன்’, அதாவது ‘இலங்கையின் பாட்டு’ என்பது அப்படத்தின் பெயர். விவரணப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனை விட்டுவிடுவதில்லை. அதனை நெறிப்படுத்தியவர் பசில் றைட் என்னும் ஆங்கிலேய இளைஞர். அதனைத் தயாரித்தவரும், அத்தகைய படம் என்ற ஒன்றே தோன்றுவதற்குக் காரணராயிருந்தவரும் ஜோன் கிரியர்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். உழைப்பாளியின் முகத்தைத் திரையில் முன்னிறுத்தியவர் என்று அவரைப் போற்றுவர். அப்போற்றுதல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மன்னார்க் கரையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரியர்சன் 1898இல் ஸ்கொத்லாந்தின் டீன்ஸ்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். தாயாரும் ஆசிரியத் தொழில் புரிந்தவர்; பெண்களின் வாக்குரிமைக்காகவும் தொழிற்கட்சிக்காகவும் குரல் கொடுத்தவர். முதலாம் உலகப் போரிற் கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் அவர் பணியாற்றினார். பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தத்துவமும் இலக்கியமும் பயின்று, 1924இல் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கு அவரை வாட்டிய கேள்வி ஒன்றே: இன்றைய உலகம் இவ்வளவு சிக்கலாகிவிட்ட நிலையிலே, சாதாரணக் குடிமகன் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டு சனநாயகத்திற் பங்குகொள்வான்? பத்திரிகையும் பள்ளிக்கூடமும் செய்ய இயலாததைத் திரைப்படம் செய்யக்கூடும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1926இல், ஃபிளாஹெட்டி சமோவாத் தீவிற் பிடித்த ‘மோனா’ என்னும் படத்துக்கு நியூயோர்க் பத்திரிகையொன்றில் மதிப்புரை எழுதுகையில், அதற்கு ஆவண மதிப்பு உண்டு என்று குறித்தார். விவரணப்படத்துக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் அவர் அன்று கையாண்ட சொல்லிலிருந்தே நிலைபெற்றது.

1927இல் அவர் பிரித்தானியாவின் பேரரசு விற்பனைச் சபையிற் சேர்ந்தார். குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களைப் பிரித்தானிய மக்கள் வாங்குமாறு தூண்டுவதே அச்சபையின் வேலை. அங்கிருந்தபடியே 1929இல் அவர் தாமே நெறிப்படுத்திய ‘டிரிஃப்டர்ஸ்’ என்னும் படம் வெளிவந்தது. வடகடலில் மிதவலை கொண்டு ஹெரிங் மீன் பிடிப்போரின் உழைப்பே அதன் பொருள். கடலோடிகள் வலை இழுப்பதும், கரையிற் பெண்கள் மீனை அரிவதும், மீன் சந்தைக்குப் போவதும் அதிற் காட்சிகளாயின. அதுவரை பிரித்தானியத் திரையில் தொழிலாளி பெரும்பாலும் நகைப்புக்குரிய பாத்திரமாகவே தோன்றினான். தன் தொழிலைச் செய்துகொண்டு மதிப்போடு நிற்கும் மனிதனாக அவனைக் காட்டியது இப்படம். லண்டன் திரைப்படச் சங்கத்தில், ஐசன்ஸ்ரைனின் ‘பொற்றெம்கின் போர்க்கப்பல்’ காட்டப்பட்ட அதே நாளில் இதுவும் காட்டப்பட்டது. பேசாலையிலும் வங்காலையிலும் வலையிழுக்கும் நம்மவர் இப்படத்தைக் கண்டால், கடல் வேறாயினும் கைகள் ஒன்றே என்று உணர்வர்.

ஆயினும் அப்படத்தின் பிறப்பிலேயே ஒரு செய்தி மறைந்து கிடக்கின்றது. திறைசேரியின் நிதிச் செயலாளராக அப்போதிருந்த ஆதர் சாமுவேல் என்பவர் ஹெரிங் மீனைப்பற்றி நூலே எழுதியவர். படத்துக்கு அவர் பணம் ஒதுக்க வேண்டுமாயின் எப்பொருளைத் தெரிவது நல்லது என்பதை ஊகிப்பது கடினமன்று. பணம் தருவோனின் விருப்பை அறிந்து, அதற்குள்ளே தம் கருத்தைப் புகுத்துவது என்ற வழியைக் கிரியர்சன் தொடக்கத்திலேயே கைக்கொண்டார். பணமுடையோன் ஒரு வாயிலைத் திறப்பான். அதன் வழியே நுழைந்து நாம் நம் வேலையைச் செய்வோம் என்பது அவருடைய கணக்கு. வாழ்நாள் முழுவதும் அவர் இக்கணக்கையே போட்டார். அது எங்கே சரிவந்தது, எங்கே பிழைத்தது என்பதே நமது வினா.

1930களில் அவர் தம்மைச் சுற்றி ஓர் இளைஞர் அணியைத் திரட்டினார். விற்பனைச் சபை 1933இற் கலைக்கப்பட்டதும் அவ்வணி முழுவதும் அஞ்சற்றிணைக்களத்துக்கு மாறியது. அங்கு தோன்றிய ‘நைட் மெயில்’ 1936இல் அஞ்சல் ரயிலின் இரவுப் பயணத்தைக் காட்டியது. அவ்வணியைச் சேர்ந்த ஆதர் எல்ரனும் எட்கார் அன்ஸ்ரியும் அதற்கு முந்திய ஆண்டில் எடுத்த ‘ஹவுசிங் புறொப்ளம்ஸ்’ என்னும் படமோ, லண்டன் சேரிவாசிகளையே கமெராவின் முன் நிறுத்திப் பேசச் செய்தது. எலியும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த தம் அறைகளில் நின்று, தம் சொந்தச் சொற்களில், தம் துயரை அவர்கள் உரைத்தனர். கிரியர்சனின் தங்கை றூபி அவர்களோடு பழகி, அச்சம் நீக்கிப் பேசவைத்தார். திரைப்பட வரலாற்றில் இது பெரியதொரு பாய்ச்சல் எனலாம்.

ஆனால் அப்படத்துக்குப் பணம் தந்தவர் யார்? எரிவாயு விற்போரின் சங்கம். சேரிகள் இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழுந்தால் அவ்வீடுகளில் எரிவாயு அடுப்பு விலைபோகும். ஏழையின் நலனும் வணிகனின் நலனும் அந்த ஓரிடத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. ஆகவே ஏழைக்கு வாய் கிடைத்தது. அவ்விரு நலன்களும் முரண்பட்டு நிற்கும் இடத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவுக்கு விடையாக நிற்பதே ‘இலங்கையின் பாட்டு’.

இலங்கைத் தேயிலைப் பிரசார சபை 1932இல் அமைக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது அறவிடப்பட்ட வரியே அதன் வருவாய். அச்சபைதான் இலங்கையைப்பற்றிப் படமெடுக்குமாறு கிரியர்சனின் அணியைக் கேட்டது. பசில் றைட் 1934இன் தொடக்கத்தில் இங்கு வந்தார். விளம்பரத் துண்டுப்படங்களாக எண்ணப்பட்ட முயற்சி, நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாக உருவெடுத்தது. முதற்பகுதி புத்தரையும் சிவனொளிபாத மலை யாத்திரையையும் காட்டும். இரண்டாவது கிராமத்தின் அன்றாட உழைப்பைக் காட்டும். மூன்றாவது வணிகத்தின் குரல்கள். நான்காவது மீண்டும் வழிபாட்டுக்கும் கண்டிய நடனத்துக்கும் திரும்பும். உரையாக ஒலித்தவை நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த பகுதிகள். அவற்றைப் படித்தவர் கொழும்புக் கலைஞரான லயனல் வென்ட். 1935இல் பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவிலே அது பரிசு பெற்றது.

அப்படத்தின் சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. மூன்றாம் பகுதியில் றைட் கையாண்ட உத்தி கூர்மையானது. கண்ணுக்கு யானை மரத்தைச் சாய்ப்பதும், கொழுந்து பறிக்கும் கைகளும் தெரிகையில், காதுக்குக் கேட்பது சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வணிகக் கடித வாசகங்களும். உழைப்பு இங்கே, இலாபம் அங்கே என்பதை ஒரு வார்த்தையும் விளக்காமலே அது உணர்த்துகின்றது. விளம்பரம் வேண்டிய சபையின் பணத்திலேயே வணிகத்தின் குளிர்ந்த குரலை அம்பலப்படுத்தியமை கிரியர்சன் வழியின் வெற்றிதான்.

ஆனால் கொழுந்து பறித்த அந்தக் கைகள் யாருடையவை? அவர்கள் எங்கிருந்து வந்தனர்? என்ன கூலி பெற்றனர்? எங்கே உறங்கினர்? படம் இவற்றைச் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. அதன் உரை 1681இல் அச்சான நூலிலிருந்து எடுத்தது. கோப்பிக்கும் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் இங்கு கொணரப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நொக்ஸ் கண்ட இலங்கையில் அவர்கள் இல்லை. ஆகவே நொக்ஸின் வாய்வழியே பேசும் இலங்கையிலும் அவர்களுக்கு இடமில்லை. பழைமையின் அழகுக்காகத் தெரிந்தெடுத்த உரை, ஒரு மக்கட் கூட்டத்தையே வரலாற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இந்நாட்டில் இந்தியத் தமிழராக எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000 பேர். அத்துணைப் பெரிய கூட்டம் ஒரு நாட்டின் பாட்டிலே பெயரற்ற கைகளாக மட்டும் வந்துபோயிற்று.

ஈண்டுதான் மன்னாரின் வரலாறு அப்படத்தின் வரலாற்றோடு மோதுகின்றது. 1820கள் தொடக்கம் அம்மக்கள் பாக்குநீரிணையைத் தோணிகளிற் கடந்து இறங்கியது இக்கரையில். கங்காணியின் பின்னே, கடன் சுமையோடு, மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை அவர்கள் நடந்தனர். காட்டிலே நீரில்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் நிழல்போற் தொடர்ந்தன. 1840களில் மாண்டோர் 70,000 வரை இருக்கலாம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று எழுதியது. அத்தொகை மிகையென்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். தொகை எதுவாயினும், செத்தோரின் பெயர்களை எவரும் குறித்துவைக்கவில்லை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பற்சேவையும் அமைந்தபின், மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு, தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கி, ரயிலேறி அவர்கள் மலைநாடு சென்றனர். றைட்டின் கமெரா இத்தீவிற் சுழன்ற 1934இலும் அவ்வழி திறந்தே இருந்தது. நொக்ஸ் விடுதலைபெற்ற அதே கரையோரத்தினூடாகத்தான், பின்னாளில், இம்மக்கள் லயத்துக்குள் அடைபடச் சென்றனர்.

இதிற் கசப்பானதொரு முரணும் உண்டு. படத்துக்கான பணம் ஏற்றுமதித் தேயிலைமீதான வரியிலிருந்து வந்தது என்றோம். அத்தேயிலையைப் பறித்தவர் யார்? உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டி 1930களின் முற்பகுதியில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது. அரைவயிற்றோடு பறித்த கொழுந்திலிருந்து பிறந்த பணத்திலே படம் ஆயிற்று. அப்படத்தில் அவர்கள் பேசவில்லை. லண்டன் சேரிவாசி பேசிய அதே காலத்தில் மலைநாட்டு லயத்திலிருந்தவர் பேசவில்லை. காரணம் கிரியர்சனின் மனக்குறையன்று. லயன் காம்பிராவின் இருட்டைக் காட்டினால் தேயிலை விலைபோகாது, அவ்வளவுதான்.

பேசுவதற்கு அவர்களிடம் எதுவுமில்லை என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. கோ. நடேசய்யர் 1931இலேயே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்துவிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தோட்டந்தோட்டமாகச் சென்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். பசில் றைட் தேடிய இலங்கையின் பாட்டு, மலைநாட்டிலே தமிழில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கருவி அத்திசைக்குத் திரும்பவில்லை. இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கலாம். தேயிலைத் தொழிலை இங்கு 1867இல் லூல்கந்துரையில் தொடக்கிய ஜேம்ஸ் ரெயிலர் ஸ்கொத்லாந்துக்காரர். தேயிலைப் படத்தைத் தயாரித்தவரும் ஸ்கொத்லாந்துக்காரர். ஒருவர் தோட்டத்தை அமைத்தார். மற்றவர் அதன் புகழைப் படமாக்கினார். இருவருக்குமிடையே குனிந்து நின்ற தமிழ்ப் பெண்ணின் பெயர் எங்கும் பதியப்படவில்லை.

கிரியர்சனின் பிற்கால வாழ்க்கை இக்கணக்கின் எல்லையை மேலும் காட்டுகின்றது. 1939இல் அவர் கனடாவின் தேசியத் திரைப்படச் சபைக்கு முதல் ஆணையாளரானார். போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. போர் முடிந்ததும், சோவியத் ஒற்றர் விவகாரமொன்றின் நிழல் அவர்மீதும் விழுந்தது. அவர் கம்யூனிஸ்டு அல்லர், ஆயினும் அமெரிக்காவின் கதவு அவருக்கு அடைபட்டது. அரசின் வாயிலில் நின்று மக்களுக்காகப் பேச முயன்றவரை அரசுகளே ஐயுற்றன. பின்னர் 1947-48இல் யுனெஸ்கோவிலும், அதன்பின் பிரித்தானிய மத்திய தகவல் நிலையத்திலும் அவர் பதவி வகித்தார். 1957 முதல் ஸ்கொத்லாந்துத் தொலைக்காட்சியிலே ‘இந்த அற்புத உலகம்’ என்ற பொருள்படும் நிகழ்ச்சியை நடத்தி, உலகின் பல நாட்டு விவரணப்படங்களை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். இறுதிக் காலத்தில் மொன்றியல் நகரில் மாணவருக்குக் கற்பித்தார். 1972இல் மறைந்தார்.

அவர் விதைத்த விதை இங்கும் முளைத்தது. 1948இல் இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கிற்று. பிரித்தானிய விவரணப்பட மரபில் வந்த றால்ஃப் கீன் அங்கு தலைமை வகித்த காலத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவரிடம் பணிபுரிந்தார். பின்னர் அப்பிரிவை விட்டு விலகி 1956இல் ‘ரேகாவ’ படத்தைத் தந்தார். சிங்களத் திரைப்படம் மண்ணிற் காலூன்றியது அப்படத்தோடு. ஆனால் அரசு திரைப்படப் பிரிவை நிறுவிய அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அவர்கள் புறப்பட்டதும் இதே தலைமன்னார்த் துறையிலிருந்துதான். தாத்தா இறங்கிய துறையிலே பேரன் மூட்டையோடு கப்பலேறினான். நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுட் பலர் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தோளிலேற்றினர். முழு மக்கட்கூட்டமொன்றின் இடப்பெயர்வு அத்துறையில் நிகழ்ந்தது. அதற்கு ஈடான படமொன்று நம்மிடம் இல்லை. 1975இல் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ என்னும் தமிழ்ப் படத்தைத் தயாரித்துத் தோட்ட மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தமை பாராட்டற்பாலது. ஆயினும் தனியொருவரின் துணிவு ஒரு மரபாக வளர நமது சமூகம் துணைநிற்கவில்லை.

கிரியர்சனின் வழிக்கு மாற்றுவழி உண்டா? உண்டு என்பதை அவர் நிறுவிய கனடாச் சபையே 1967இற் காட்டியது. நியூபவுண்லாந்துக்கு அருகிலுள்ள ஃபோகோ என்னும் மீனவர் தீவை வெறுமையாக்கி, மக்களை வேறிடத்துக்கு அனுப்ப அரசு எண்ணியிருந்த காலம் அது. கொலின் லோ என்பவரும் அவருடைய குழுவினரும் அங்கு சென்று, அத்தீவாரையே பேசவிட்டு, இருபதுக்கு மேற்பட்ட குறும்படங்களை எடுத்தனர். படங்களை முதலிற் காட்டியது தீவாருக்கே. ஊருக்கு ஊர் ஒதுங்கியிருந்தவர்கள் தம் அயலாரின் துயரும் தமதும் ஒன்றென்று கண்டனர். அதன்பின் அப்படங்கள் அமைச்சரிடம் போயின. அமைச்சரின் மறுமொழியும் படமாகித் தீவுக்கு வந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர், தீவைவிட்டுப் பெயரவில்லை. ‘டிரிஃப்டர்ஸ்’ மீனவரைக் காட்டியது. ஃபோகோவிலோ மீனவர் தம்மைத் தாமே கண்டனர். முதலாவதின்றி இரண்டாவது பிறந்திராது என்பதும் உண்மையே.

நாம் ஆசிரியர்கள். நம் மாணவர் நாள்தோறும் படங்களைப் பார்க்கின்றனர். அவர்களிற் பலர் கையிலிருக்கும் தொலைபேசியே கமெராவாகவும் இருக்கின்றது. கிரியர்சனுக்குத் திறைசேரியின் தயவு வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது கேள்வி கேட்கும் பழக்கம். ஒரு படத்தைக் கண்டவுடன் அதன் அழகில் மயங்குவதோடு நில்லாமல், இதற்குப் பணம் தந்தவர் யார், இதிற் பேச விடப்படாதவர் யார் என்று வினவக் கற்பிப்பது மொழிப்பாடத்தின் ஒரு பகுதியே. மன்னார்த் தீவிற் காற்றாலைகளும் கனிம மணலும் இன்று வழக்குக்குரிய பொருள்களாயிருக்கின்றன. அவைபற்றி நிறுவனங்கள் தரும் படத்தையும், பேசாலை மீனவர் சொல்லும் சொல்லையும் அருகருகே வைத்து நோக்கும் திறன் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

2023 யூலை 28ஆம் நாள், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவுற்றதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. முன்னோர் வீழ்ந்த வழியிலே பதினாறு நாள் நடந்து ஓகஸ்ட் 12இல் அவர்கள் மாத்தளையை அடைந்தனர். எத்தேயிலைச் சபையும் அதற்குப் பணம் கொடுக்கவில்லை. எந்நொக்ஸும் அதற்கு உரை எழுதவில்லை. நடந்தவர்களே பேசினர், நடந்தவர்களே படம் பிடித்தனர். 1934இற் பாடப்படாது விடப்பட்ட பகுதி அங்கே தொடங்கியிருக்கின்றது. அதனைச் சேர்த்துவைத்து, ஒழுங்குபடுத்தி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் வேலை எஞ்சியிருக்கின்றது. அவ்வேலை நம்முடையது.